தேய்ந்த வட்டு

தடை என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் முகம் சற்றுச் சுளிக்கும். எடுத்த செயலை முடிக்கவொட்டாமல் குறுக்கே நிற்பது எதுவோ, அதனையே தடை என்று உலகம் வழங்குகின்றது. ஆனால் நம் பழைய உரையாசிரியர் மரபில் தடைக்கு வேறொரு மதிப்பு உண்டு. ஒரு கருத்தை நிறுவப் புகும் உரையாசிரியர், அதன்மேல் எழக்கூடிய ஐயத்தைத் தாமே தடையாக எழுப்புவார். பின்னர் அதற்குரிய விடையையும் தாமே கூறுவார். தடை இல்லாமல் ஓடும் உரை தடம் மாறிச் சென்றுவிடும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். உரைக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஊர்திக்கும் பொருந்தும். ஓடுவதற்கு உரிய ஆற்றல் எவ்வளவு இருப்பினும், நிற்பதற்கு உரிய ஆற்றல் இல்லாத வண்டியில் அறிவுடையோர் ஏறார்.

முட்டுக்கட்டை என்னும் சொல்லும் இவ்வாறே பழிக்கு ஆளாயிற்று. பிறர் முயற்சிக்கு இடையூறு செய்வோனை, 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று ஏசுகிறோம். மாட்டுவண்டி ஓட்டியவரைக் கேட்டால் அக்கட்டையின் அருமை விளங்கும். சரிவான வழியில் பாரவண்டியை நிறுத்த நேர்ந்தால், சக்கரத்தின் அடியில் ஒரு கட்டையையோ கல்லையோ இட்ட பின்னரே அவர் மாட்டை அவிழ்ப்பார். அக்கட்டை இல்லையேல் வண்டி ஓரிடத்தும் பாரம் ஓரிடத்துமாகப் பள்ளத்தில் கிடக்கும்.

தேனி மாவட்டத்தில் வாழ்வோர்க்குத் தடையின் பெருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேற்கிலும் தெற்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலை மதிலென உயர்ந்து நிற்க, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும் காவல் புரிய, இடையே நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் செழிக்கக் கம்பம் பள்ளத்தாக்கு நீண்டு கிடக்கின்றது. 1895-ஆம் ஆண்டில் பெரியாற்று அணை முற்றுப் பெற்று, மேற்கே சென்ற நீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பெற்றது. அன்று முதல் இவ்வூர்களின் வயல் மலைநீரை நம்பியுள்ளது. வயலைப் போலவே உழைப்பும் மலையை நம்பியுள்ளது. ஏலத் தோட்டங்கள் மலைமேல் உள்ளன. அவற்றில் பாடுபடுவோர் பலர் மலையடியில் உள்ளனர். போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளிலும் விடியற்காலையில் ஜீப்புகள் அவர்களை ஏற்றிக்கொண்டு மேலே செல்கின்றன. மாலையில் கீழே கொணர்கின்றன. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் வழியில் கொண்டை ஊசி வளைவுகள் 17. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குச் செல்லும் வழியில் 18. அவ்வளைவுகளுக்கு மலர்களின் பெயர்களைச் சூட்டியிருக்கின்றனர். பெயர்ப் பலகைகளைப் படித்து மகிழ்ந்தவாறே இறங்கலாம். ஆனால் அம்மகிழ்ச்சியெல்லாம் கையின்கீழ் உள்ள தடை தன் தொழிலைச் செய்யும் வரையில்தான்.

மலை ஏறும்போது எஞ்சின் உழைக்கின்றது; இறங்கும்போது தடை உழைக்கின்றது. அவ்வுழைப்பு எத்தகையது என்பதனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். மோட்டார் சைக்கிளும் அதில் அமர்ந்த இருவரும் சேர்ந்து 250 கிலோகிராம் எடை என்று கொள்வோம். அவ்வெடை 1000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கினால், ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் ஆற்றல் விடுபடும். அவ்வளவும் வெப்பமாக மாறினால், 8 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். குளிக்க வெந்நீர் வைக்கும் அடுப்பொன்று சக்கரத்தில் எரிகின்றது என்று எண்ணிக்கொள்ளுங்கள். காற்றின் எதிர்ப்பு அவ்வெப்பத்தில் ஒரு பங்கைக் குறைக்கும்; சிறிய கியரில் இறங்கினால் எஞ்சினும் ஒரு பங்கைத் தாங்கும். எஞ்சியதைத் தடைகளே ஏற்றுக் காற்றில் விடுதல் வேண்டும்.

பழைய மோட்டார் சைக்கிள்களில் இவ்வேலையைச் செய்தது டிரம் பிரேக். குடுவை போன்ற கூட்டினுள் இரண்டு கட்டைகள் விரிந்து உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும். கூட்டினுள் பிறக்கும் வெப்பம் எளிதில் வெளியேறாது. மேலும், வெப்பத்தால் கூடு விரிய விரிய அது கட்டையை விட்டு விலகும், பிடிப்புக் குறையும். இக்குறையை நீக்க வந்ததே வட்டுத் தடை. பட்டறைகளில் அதனை 'டிஸ்க்' என்பர். கருப்பட்டி வட்டை அறிந்த நாட்டில் பிறந்த யான் அதனை வட்டு என்றே சொல்வேன். சக்கரத்தின் குடத்தோடு பிணைந்து சுழலும் அவ்வட்டை, 'காலிப்பர்' என்னும் கவ்வி பற்றி நிற்கும். கவ்வியினுள் 'பேடு' எனப்படும் உராய்வுத் துண்டுகள் வட்டின் இருபுறமும் இருக்கும். கையால் நெம்பை அழுத்தினால், குழாயில் அடைபட்ட பிரேக் ஆயில் அவ்வழுத்தத்தைக் குறையாமல் கொண்டுசென்று பேடுகளை வட்டின்மேல் அழுத்தும். அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒப்பப் பரவும் என்று பாஸ்கல் கண்ட விதியே இதற்கு அடிப்படை. வட்டோ காற்றில் வெளிப்பட நிற்பது. ஆதலின் விரைவில் குளிரும்.

இங்கிலாந்து நாட்டு லான்செஸ்டர் என்பார் 1902-ஆம் ஆண்டிலேயே வட்டுத் தடைக்கு உரிமம் பெற்றார். ஆயினும் அது நன்கு நிலைபெற அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் வட்டுத் தடை பூண்ட ஜாகுவார் கார் வென்ற பின்னரே உலகம் அதன் திறனை உணர்ந்தது. 1969-ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம் தன் 750 சி.சி. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தில் அதனை அமைத்து, பொதுமக்கள் கைக்குக் கொணர்ந்தது. நம் நாட்டில் அதன் வருகை தயங்கித் தயங்கியே நிகழ்ந்தது. 1983-ஆம் ஆண்டில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ராஜ்தூத் 350 என்னும் விரைவண்டி, அயல்நாட்டில் வட்டுத் தடையோடு ஓடிய யமஹா வண்டியின் உடன்பிறப்பு. எனினும் இங்கு அது டிரம் பிரேக்கோடுதான் வந்தது. அக்காலத்தை ஒட்டியே, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைச் செய்து புகழ்பெற்ற என்பீல்டு இந்தியா நிறுவனம், ஜெர்மனி நாட்டுச் சுண்டாப் வண்டியின் வடிவைத் தழுவி 'ஃபியூரி 175' என்னும் வண்டியை வெளியிட்டது. அதன் முன்சக்கரத்தில் இத்தாலி நாட்டுப் பிரெம்போ அமைப்பிலான வட்டுத் தடை இருந்தது. இந்திய நாட்டில் செய்யப்பெற்று வட்டுத் தடையோடு வந்த முதல் வண்டிகளுள் அஃது ஒன்று. சில ஆண்டுகளே செய்யப்பெற்றுப் பின் நின்றுபோயிற்று. இன்று அதனைக் காண்பது அரிது. அதன் உறுப்புகள் கிடைப்பது அதனினும் அரிது.

அத்தகைய ஃபியூரி ஒன்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக என்னிடம் உள்ளது. பள்ளிக்குச் செல்லவும், ஊர்தோறும் நடந்த இலக்கியக் கூட்டங்களுக்குச் செல்லவும் எனக்குத் துணையாக இருந்தது அது. இப்போது பெரும்பாலும் திண்ணையோரம் நிற்கின்றது. என் தங்கையின் மகன், கல்லூரியில் பயில்பவன், அவ்வண்டியின்மேல் பெருவிருப்பம் கொண்டவன். ஓட்டுநர் உரிமம் பெற்ற மறுமாதமே, "மாமா, நண்பனோடு இதில் போடிமெட்டுக்குப் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருகிறேன்" என்றான். அவன் என் தங்கைக்கு ஒரே மகன். "வண்டியைப் பட்டறையில் காட்டிவிட்டுப் பிறகு பேசுவோம்" என்று அவனையும் அழைத்துக்கொண்டு சின்னமனூருக்குச் சென்றேன்.

அங்கே பட்டறை நடத்துபவர் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர். இன்று அவரே ஐம்பதை நெருங்குகிறார். நான்கு இளைஞர்களுக்குத் தொழில் பயிற்றுகிறார். வந்த நோக்கத்தைச் சொன்னேன். "மலைக்கா, ஐயா? அப்படியானால் முதலில் டிஸ்க்கைப் பார்ப்போம்" என்று முன்சக்கரத்தின் அருகே அமர்ந்தார்.

அவர் முதலில் எந்தக் கருவியையும் தொடவில்லை. வட்டைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றிக் கண்ணால் நோக்கினார். மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா, அளவு மீறிய வெப்பத்தால் நீலம் பாய்ந்த இடம் உண்டா, இசைத்தட்டில் உள்ளன போன்ற ஆழமான வரிகள் உண்டா என்று பார்த்தார். பின்பு விரல் நகத்தை வட்டின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி இழுத்தார். விளிம்பருகே நகம் தட்டி நின்றது. பேடு உராயும் இடம் தேய்ந்து தாழ்ந்து, உராயாத விளிம்பு வரப்பைப் போல உயர்ந்து நின்றதே அதற்குக் காரணம்.

பயிற்சி பெறும் இளைஞர் ஒருவர் வேர்னியர் அளவுகோலை எடுத்து வட்டின் கனத்தை அளந்தார். "அண்ணே, அளவு சரியாக இருக்கிறது. எல்லைக்கு மேலேதான் உள்ளது" என்றார். பட்டறைக்காரர் மறுமொழி கூறாமல், பெட்டியிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து, வரப்பைக் கடந்து உட்புறமாக வைத்து அளந்தார். வட்டத்தைச் சுற்றி எட்டு இடங்களில் அளந்து, ஒவ்வோர் அளவையும் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எழுதினார். எட்டில் ஐந்து அளவுகள் எல்லைக்குக் கீழே இருந்தன.

இளைஞர் திகைத்தார். "வேர்னியரின் தாடை அகலமானது, தம்பி. அது இருபக்கத்து வரப்பின்மேலும் உட்கார்ந்துகொண்டது. நீ அளந்தது தேயாத விளிம்பை. வண்டியை நிறுத்துவது தேய்ந்த நடு" என்று விளக்கினார் பட்டறைக்காரர். அவ்வெல்லை எங்கே குறித்திருக்கிறது என்று என் மருமகன் வினவினான். வட்டின் உட்புறத்தில் துருவேறி மங்கியிருந்த பொறிப்பின்மேல் அவர் சுண்ணாம்புத் தூளைத் தேய்த்துத் துடைத்தார். எண்கள் வெண்மையாகத் தெளிந்தன. எழுத்துத் தோன்றும் பொருட்டு ஓலைச் சுவடியில் கரியைத் தடவும் முறை என் நினைவுக்கு வந்தது. குறைந்த அளவு கனம் இவ்வளவு இருத்தல் வேண்டும் என்று செய்தவரே வட்டின்மேல் பொறித்து வைப்பதும், கையேட்டில் குறித்து வைப்பதும் இத்தொழிலின் வழக்கம்.

யான் உரையாசிரியர் மரபில் வந்தவன் ஆதலால், தடைகளை எழுப்பி விடைகளைப் பெற விரும்பினேன்.

"கடைசல் பட்டறையில் கொடுத்து இவ்வரப்பை நீக்கிச் சமப்படுத்தினால் ஆகாதா?" என்றேன்.

"கனம் மிச்சம் இருந்தால் செய்யலாம், ஐயா. இரண்டு பக்கமும் ஒத்த அளவாக அரைத்து எடுக்கவேண்டும். எடுத்த பிறகும் கனம் எல்லைக்கு மேல் நிற்கவேண்டும். இதில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இருப்பதையும் குறைத்து அழகாக்கினால், பார்வைக்குப் புதிதாக இருக்கும். உள்ளே முன்னைவிட மோசமாக இருக்கும்."

"பேடுகளை மட்டும் புதிதாக மாற்றினால்?"

"கூரை ஓட்டை மாற்றுவதால் உளுத்த உத்தரம் உறுதிப்படுமா? வரி விழுந்த வட்டில் புதுப் பேடு முழுவதும் பொருந்தாது. மேடுகளில் மட்டுமே படும். அதோடு, கனம் குறைந்த வட்டில் வெப்பத்தைத் தாங்கும் இரும்பு குறைவு. அதே அளவு பிரேக் பிடித்தாலும் அது மிகுதியாகச் சூடேறும். சூடேறினால் நெளியும், வெடிக்கும். வட்டு மெலிய மெலிய, காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனும் அளவுக்கு மீறி வெளியே நீளவேண்டியிருக்கும்."

"இவ்வளவு நாள் இதே வட்டோடுதானே கடைத்தெருவுக்குச் சென்று வந்தேன்?"

"சமவெளியில் ஒரு முறை பிரேக் பிடித்தால், அடுத்த முறைக்குள் டிஸ்க் குளிர்ந்துவிடும், ஐயா. மலை இறக்கத்தில் குளிர நேரம் ஏது? ஒரு வளைவின் சூடு ஆறுமுன் அடுத்த வளைவு வந்துவிடும். இதுவோ டூ ஸ்ட்ரோக் வண்டி. புல்லட்டைப் போல எஞ்சின் பிடித்து நிறுத்தாது. இறக்கத்தின் பாரம் பெரும்பாலும் பிரேக்கின்மேல்தான் விழும்."

என் மருமகன் அதுவரை வாய் திறவாமல் நின்றவன், "அண்ணே, மெதுவாகப் போனால்?" என்றான்.

"மெதுவாகப் போவதற்கும் பிரேக்கைத்தானே பிடிக்கவேண்டும், தம்பி? வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் இறங்கும் உயரம் ஒன்றுதான்" என்றார் அவர். பாடநூலில் பல பக்கங்களில் விளக்கும் ஆற்றல் அழியாமை என்னும் கொள்கையை, எண்ணெய் படிந்த கைகளோடு அவர் ஒரு வரியில் உரைத்ததைக் கேட்டு யான் உள்ளம் மகிழ்ந்தேன்.

பின்னர் அவர் வட்டின் நெளிவையும் அளந்து காட்டினார். முதலில் சக்கரத்தைப் பிடித்து அசைத்து, பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்தார். பேரிங் ஆடினால் வட்டு நேராக இருந்தாலும் நெளிந்ததுபோல் தோன்றுமாம். அதன்பின் டயல் கேஜ் என்னும் கருவியின் முள்ளை வட்டின் முகத்தில் படுமாறு நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றினார். வட்டு பக்கவாட்டில் நெளிந்திருந்தால் முள் இங்கும் அங்கும் அசையும். பல நிறுவனங்கள் 0.3 மில்லிமீட்டரை இதற்கு எல்லையாகக் கொண்டுள்ளன. நான்கு முழுத் தாளை அடுக்கினால் வரும் கனத்தினும் சிறிது குறைவான அவ்வளவு, பிரேக் பிடிக்கும்போது கைப்பிடியில் துடிப்பாகத் தெரியுமாம். எங்கள் வட்டில் நெளிவு எல்லைக்குள் இருந்தது. ஆனால் நெளியாமை மெலிவுக்கு ஈடாகாது.

வட்டைக் கழற்றியபோது கவ்வியின் நிலையும் தெரிந்தது. பேடுகளுள் ஒன்று மற்றொன்றைவிட மிகுதியாகத் தேய்ந்திருந்தது. பிஸ்டனில் துருப் பற்றியதால், கையை விட்ட பின்னும் அது பின்வாங்காமல் பேடை வட்டோடு உராய வைத்திருந்ததே அதற்குக் காரணம் என்றார். வட்டு விரைந்து தேய்ந்ததில் இதற்கும் பங்கு உண்டாம். பழைய பேடுகளின் தூளை அவர் வாயால் ஊதவில்லை. ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். முற்காலத்துப் பேடுகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அத்தூள் மூச்சோடு சென்றால் நுரையீரலைக் கெடுக்கும். பயிற்சி பெறுவோர்க்கு அவர் முதலில் கற்பிக்கும் பாடம் அதுவே.

பிரேக் ஆயிலையும் அவர் மாற்றினார். பெரும்பாலான வண்டிகளில் ஊற்றப்பெறும் அந்நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே ஈர்க்கும் இயல்புடையது. 'டாட் 4' என்னும் வகை புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாமல் தாங்கும். நீர் கலந்தபின் 155 பாகை அளவிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் ஆவிக் குமிழ்கள் தோன்றும். நீர்மம் சுருங்காது, ஆவியோ சுருங்கும். ஆகவே கை அழுத்துவதெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே கழிய, நெம்பு வெறுமையாகக் கைப்பிடி வரை வந்துவிடும். வண்டி நில்லாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அந்நீர்மத்தை மாற்றவேண்டும் என்பதன் காரணம் இதுவே. நிறுத்தியே வைத்திருக்கும் வண்டிக்கும் இவ்விதி பொருந்தும். ஓடாத வண்டியிலும் ஈரம் ஏறும்.

வண்டியைக் கழுவித் தரும் இடங்களில் பளபளப்புக்காக டீசலையோ எண்ணெயையோ தெளிக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதன் ஒரு துளி வட்டின்மேல் படினும் பிடிப்புக் கெடும். பேடு அதனை உறிஞ்சிவிட்டால் அப்பேடே பயனற்றதாகும். எனவே கழுவும்முன் வட்டையும் கவ்வியையும் மூடச் சொல்லுதல் வேண்டும். மழையில் நனைந்த இரும்பு வட்டில் மறுநாள் காலையில் செந்நிறத் துரு மெல்லிதாகப் படர்ந்திருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. சில முறை மெல்லப் பிரேக் பிடித்தால் அது நீங்கிவிடும். மாதக்கணக்கில் நின்று குழி விழுந்த துருவே அஞ்சத் தக்கது.

அன்று மாலை ஃபியூரி பட்டறையிலேயே நின்றது. போடிமெட்டுப் பயணத்தை என் மருமகன் பேருந்தில் மேற்கொண்டான். திரும்பி வந்தவன், இறக்கத்தில் ஓட்டுநர் சிறிய கியரிலேயே வண்டியை வைத்திருந்ததையும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் பிரேக்கை விட்டதையும் கூர்ந்து பார்த்துவந்து சொன்னான். மலைவழியில் ஓட்டுவது எப்படி என்று யான் பத்து நாள் உரைத்திருப்பினும் அவன் அவ்வளவு கற்றிருக்க மாட்டான்.

அளவொத்த வட்டு உடனே கிடைக்கவில்லை. வேறு வண்டியின் வட்டைத் துளையிட்டுப் பொருத்தலாம் என்றார் ஒருவர். வெறும் இரும்புத் தகட்டில் வெட்டிக் கடைந்து தருகிறேன் என்றார் மற்றொருவர். தடைவட்டுக்கு உரிய இரும்பு வேறு, கதவுக்குப் போடும் தகடு வேறு என்று சொல்லி, என் மாணவர் இரண்டையும் மறுத்துவிட்டார். நான்கு திங்கள் கழிந்த பின்னர், பழைய வண்டிகளைப் போற்றுவோர் ஒருவரிடமிருந்து பயன்படுத்தாத வட்டு ஒன்று கோயம்புத்தூர் வழியாக வந்து சேர்ந்தது. அதனையும் அவர் எட்டு இடங்களில் அளந்த பின்னரே பூட்டினார். புது வட்டும் புதுப் பேடும் ஒன்றோடொன்று இணங்கும் பொருட்டு, சின்னமனூருக்கும் உத்தமபாளையத்திற்கும் இடையே சமமான சாலையில் மிதமான வேகத்தில் ஐம்பது முறை மெல்லப் பிரேக் பிடித்துப் பழக்கச் சொன்னார். என் மருமகன் அதனைப் பொறுமையாகச் செய்து, ஒவ்வொன்றையும் எண்ணிக் குறித்து வந்தான். அதன் பின்னரே வண்டி மலை ஏறியது. நலமாக இறங்கியும் வந்தது.

பழைய வட்டு அப்பட்டறையின் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகின்றது. புதிதாகத் தொழில் பழக வருவோரிடம் அதனைக் கொடுத்து, முதலில் வேர்னியரால் அளக்கச் சொல்லுகின்றார். பின்னர் மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல்லுகின்றார். இரண்டு அளவும் ஏன் வேறுபடுகின்றன என்பதை அவர்களே கண்டுபிடிக்கும் வரையில் தாம் வாய் திறப்பதில்லை. நல்லாசிரியர்க்கு உரிய முறை அன்றோ அது!

இன்று வட்டுத் தடை அரிய பொருள் அன்று. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகள் அனைத்திலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்புக் கட்டாயம் ஆக்கப்பட்டுள்ளது. பழைய வண்டிகளுக்கு அக்காவல் இல்லை. அவற்றை ஓட்டுவோரின் கையும், அவற்றின் வட்டுமே காவல். புதிய வண்டியாயினும் வட்டு தேயாமல் இருப்பதில்லை. மாணவர்களே, உங்கள் இல்லத்தில் உள்ள வண்டியின் முன்சக்கரத்தைப் பாருங்கள். வண்டி நின்று, வட்டு குளிர்ந்திருக்கும்போது மட்டும், விரல் நகத்தை அதன் விளிம்பு நோக்கி மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால், பெரியோரிடம் சொல்லிப் பட்டறைக்கு அனுப்புங்கள்.

தேய்தல் வட்டின் குற்றம் அன்று. தான் தேய்ந்தே பிறரை நிறுத்திக் காப்பது அதன் தொழில். சந்தனக் கட்டை தேய்ந்து மணப்பதைப் போற்றும் நாம், இரும்பு வட்டு தேய்ந்து காப்பதையும் போற்றுதல் தகும். ஆனால் போற்றுதல் வேறு; அது தாங்காத பாரத்தை அதன்மேல் ஏற்றுதல் வேறு. நெடுநாள் உழைத்த ஒன்றின்மீது நமக்குள்ள அன்பு, அதன் கனத்தில் ஓர் இழையையும் கூட்டாது. ஆதலால், பழம்பொருளைப் பேணுவோர் அதன் விளிம்பைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், தேய்ந்த நடுவை அளந்தறிதல் வேண்டும். எல்லையைக் கடந்ததாயின், அதற்கு ஓய்வு தருதல் வேண்டும். அதுவே அப்பொருளுக்கும், அதனை நம்பி மலை இறங்கும் உயிர்க்கும் நாம் செய்யும் கடமையாகும்.